புதுப்பிப்பு: ரெட்ஷிஃப்ட் 1214 பிழை தீர்ந்தது, பின்னாலேயே 1204 வந்தது

கடலூர் மொத்த வியாபாரிகள் பட்டியலை அமேசான் ரெட்ஷிஃப்ட் என்ற தரவுக் கிடங்கில் ஏற்றும்போது, ஃபைலை டேபிளில் ஏற்றும் காப்பி கட்டளை 'டிலிமிட்டர் நாட் ஃபவுண்ட்' (புலங்களைப் பிரிக்கும் குறி கிடைக்கவில்லை) என்ற 1214 பிழையோடு நின்றுவிடுவதாகப் போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஃபைல் முழுசாக ஏறிவிட்டது.

ஏற்றும்போது வரும் பிழைகள் பதிவாகும் எஸ்டிஎல் லோட் எர்ரர்ஸ் டேபிளில், பிழை வந்த வரியைக் காட்டும் 'ரா லைன்' நெடுவரிசையைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் வழிகாட்டியது. முகவரிக்கு நடுவே யாரோ என்டர் தட்டியிருக்கிறார்கள். கதவு எண்ணோடு வரி முடிந்து, மஞ்சக்குப்பம் அடுத்த வரியில் தனியாகக் கிடந்தது. முதல் வரி பாதியில் முடிந்ததால்தான் டிலிமிட்டர் கிடைக்கவில்லை. நல்லவேளை, முகவரி இரட்டை மேற்கோளுக்குள் இருந்தது. அதனால் காப்பி கட்டளையில் டிலிமிட்டரோடு சிஎஸ்வி என்ற சொல்லையும் சேர்த்தேன்; மேற்கோளுக்குள் வரும் என்டரை அது முகவரியின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். 1214 போய்விட்டது.

அப்புறம்தான் எதிர்பாராத 1204, 'ஸ்ட்ரிங் லெங்த் எக்ஸீட்ஸ் டிடிஎல் லெங்த்', அதாவது டேபிளில் குறித்த அளவைவிடச் சொல் நீளம். ஊர்ப்பெயர் நெடுவரிசை வார்கேர் 50, அதாவது அதிகபட்சம் 50 அளவுள்ள எழுத்துப் புலம். கடலூர் ஏறுகிறது, திருப்பாதிரிப்புலியூர் ஏறவில்லை. எண்ணிப் பார்த்தால் 11 எழுத்துதானே என்று தோன்றும். ஆனால் ரெட்ஷிஃப்ட்டில் வார்கேர் அளவு பைட் கணக்கு. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் 'தி' என்பது த, இகரக் குறி என இரண்டு; ஒவ்வொன்றும் 3 பைட். அப்படிப் பார்த்தால் அந்தப் பெயர் 66 பைட், கடலூர் வெறும் 18.

காப்பி கட்டளையில் ட்ரங்கேட்காலம்ஸ் போட்டால் பிழை வராது, ஆனால் ஊர்ப்பெயர் பாதியில் வெட்டுப்படும். அதில் எனக்குச் சம்மதமில்லை. டேபிளை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை கொடுத்து அந்த நெடுவரிசையின் அளவை 150 ஆக்கினேன். சரியாக ஏறியது.