புதுப்பிப்பு: மகனின் உணவுக்குழாய்த் திசுப் பரிசோதனை முடிவு

கிரோன் நோய்க்கு (குடலில் நாள்பட்ட அழற்சி) மருந்து எடுத்துவரும் என் மகனுக்குச் சப்பாத்தியும் இறைச்சியும் நெஞ்சில் சிக்கிக்கொள்கின்றன, குடல்நோய் மேலே ஏறிவிட்டதா, ஒவ்வாமையா என்று முன்பு கேட்டிருந்தேன். ஒவ்வாமைதான்: இயோசினோபிலிக் உணவுக்குழாய் அழற்சி, அதாவது இயோசினோபில் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் உணவுக்குழாயில் சேர்ந்து வரும் அழற்சி.

என்டோஸ்கோபி படங்களை மருத்துவர் காட்டினார். நெடுக்காகப் பள்ளக் கோடுகள், குறுக்கே வளையங்கள், ஆங்காங்கே வெண்புள்ளிகள். கிரோன் நோய் அங்கே வந்திருந்தால் புண்கள் இருக்கும். திசுவில் கிரானுலோமாவும் (அழற்சி அணுக்கள் திரண்ட சிறு முடிச்சு) தென்படலாம். இவனுக்கு இரண்டும் இல்லை. நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் புலத்தில் 15 இயோசினோபில் இருந்தாலே சந்தேகம் வலுக்குமாம்; இவனுக்கு 40க்கு மேல். மலத்தில் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) இயல்பு, அதாவது குடல் இப்போதைக்கு அடங்கியிருக்கிறது.

எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்றும் அவர் சொன்னார். அமிலம் எதுக்களித்தாலும், கிரோன் நோயிலேயேகூட, இந்த அணுக்கள் கூடலாம். இரண்டு நோயும் ஒரே குழந்தைக்கு வருவதும் உண்டு. எங்கள் வீட்டில் வந்தே விட்டது!

குடல் மருந்து அப்படியே தொடர்கிறது. கூடவே அமிலம் குறைக்கும் மாத்திரை. பாலும் தயிரும் நிறுத்தம். மோர் இல்லாமல் பிள்ளை எப்படிச் சோற்றை முடிப்பான் என்று என் மாமியாருக்கு ஒரே கவலை. விழுங்குவது எளிதானாலும் திசு ஆறியதா என்று மறுபடி என்டோஸ்கோபி பார்த்தே ஆக வேண்டும். இதற்கும் கேட்காவிட்டால் விழுங்கும் புடெசொனைடு (அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து).

ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டவருக்கு: இந்த நோயில் எந்த உணவு காரணம் என்று அது நம்பும்படி காட்டுவதில்லையாம். அதனால்தான் விலக்கிப் பார்க்கிறோம்.