மார்கழி விடியலில் ஸ்டார்ட் ஆகாத அம்பாசடர் டீசல், பிளாக் ஹீட்டர் போடலாமா?

மண்டபம் வண்டி:
வணக்கம். அப்பாவின் அம்பாசடர் டீசல், பாம்பன் சாலைப் பாலம் திறந்த 1988-இல் வாங்கி ராமேசுவரம் சவாரிக்கு ஓட்டியது. அப்பா போன பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன், விற்க மனசு வரவில்லை. பத்து நாளாக விடியற்காலையில் செல்ப் நன்றாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகை தள்ளுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. நாலு பேர் தள்ளினால் பிடிக்கும், அப்புறம் நாள் முழுக்கத் தொட்டாலே ஸ்டார்ட். கனடாவில் இருக்கும் மச்சான், அங்கே ராத்திரி முழுக்க பிளாக் ஹீட்டரைக் கரண்டில் சொருகி வைப்பார்கள், ஒன்று அனுப்பட்டுமா என்கிறான். போடலாமா?

தொண்டி போட்:
ஏர் ஃபில்டரைக் கழற்றி ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிங்க அண்ணே, உடனே பிடிக்கும்.

கீழக்கரை டீசல்:
தம்பி, ஸ்பிரே மட்டும் வேண்டாம். அது ஈதர், ஸ்டார்ட் செய்யும் முன் இஞ்சின் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது உள்ளே போனால் நேரங்கெட்டு வெடித்து பிஸ்டனையே உடைத்துவிடும்.

பிளாக் ஹீட்டர் என்பது இஞ்சின் பிளாக்கில் தண்ணீர் ஓடும் இடத்தில், பிளாக்கின் பக்கத்துத் துளையை அடைக்கும் மூடியான கோர் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சொருகுகிற கம்பிச் சுருள். மைனஸ் 20, 30 டிகிரியில் ஆயில் கூழாகிவிடும் ஊருக்கு அது வேண்டும். நம் கடற்கரையில் மார்கழியிலும் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்காது. அதோடு அங்கே 120 வோல்ட், நம் 230-இல் சொருகினால் சுருள் கருகிவிடும்.

உங்கள் 1489 சிசி இஞ்சினில் டீசல் நேராக பிஸ்டன் மேல் விழாது, ஹெட்டில் உள்ள சின்ன அறைக்குள் விழும். ஆறிப்போன அறையின் சுவர் காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும், அதனால்தான் நம் ஊரிலும் ஹீட்டர் பிளக் இல்லாமல் காலையில் பிடிக்காது. வெள்ளைப் புகை எரியாத டீசல். நாலு பிளக்கையும் இணைக்கும் தகட்டைக் கழற்றுங்கள். 12 வோல்ட் பல்பின் ஒரு ஒயரை பேட்டரி பிளஸ்ஸில் வைத்து இன்னொன்றை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொடுங்கள், எரியாவிட்டால் அந்த பிளக் செத்தது.

தொண்டி போட்:
பாய் சொல்வது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் டீசல் லைனில் ஏர் (காற்று) இழுக்கிறதா என்றும் பாருங்க அண்ணே. காலையில், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் நெம்புகோலை முப்பது தடவை கையால் அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்க. அதில் பிடித்தால் ராத்திரியில் டீசல் டேங்குக்கே இறங்குகிறது என்று அர்த்தம், வாஷர், ஹோஸ் பார்க்க வேண்டும்.

மண்டபம் வண்டி:
பம்ப் அடித்தும் பிடிக்கவில்லை. தகட்டைக் கழற்றினால் அடியில் பூசினாற்போலப் பச்சைக் களிம்பு, ஒரு நட்டு விரல் பட்டதும் உதிர்ந்தது. வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம், உப்புக்காற்று தின்றிருக்கிறது. நாலில் இரண்டு எரியவில்லை. நாலையும் புதிதாகப் போட்டு, தகட்டை உப்புத்தாளால் தேய்த்துச் சிவப்பு தெரிந்த பிறகு மாட்டினேன். இன்று காலை ஐந்தரைக்கு இருபது விநாடி சூடேற்றிச் சாவியைத் திருப்பினேன், இரண்டாவது சுற்றில் பிடித்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற அதே சத்தம். ரொம்ப நன்றி பாய், தம்பிக்கும்.

கீழக்கரை டீசல்:
சந்தோஷம் தம்பி. நட்டுகளை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவிவிடுங்கள். இஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் கழற்றிப் பாருங்கள், அதையும் உப்பு விட்டுவைத்திருக்காது.

மண்டபம் வண்டி:
பார்த்தேன் பாய், பாதி இழை அறுந்து கிடக்கிறது. நாளைக்கு மாற்றிவிடுகிறேன்.