கத்தரிக்கு 22 நாள் காத்திருப்பு, பறிப்போ நாலு நாளுக்கு ஒன்று: என்ன செய்வது?

கத்தரிக்காட்டான்:
ஒட்டன்சத்திரம் பக்கம் 60 சென்டில் கத்தரி போட்டிருக்கிறேன். காய்ப்பு வந்துவிட்டது, நாலு நாளைக்கு ஒரு பறிப்பு. துளைப்பான் (தண்டையும் காயையும் குடையும் புழு) விழுந்து நுனியெல்லாம் தொங்குகிறது, காயிலும் ஓட்டை. மருந்துக்கடையில் குளோரன்ட்ரனிலிப்ரோல் கொடுத்து, "இன்னைக்கு அடிங்க, நாளன்னைக்குப் பறிங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். டப்பாவோடு வந்த தாளை விரித்துப் பார்த்தால் எறும்பு எழுத்தில் மருந்தடித்த பிறகு பறிக்கக் காத்திருக்க வேண்டிய நாள் போட்டிருக்கிறது: தக்காளிக்கு 3 நாள், வெண்டைக்கு 5 நாள், கத்தரிக்கு மட்டும் 22 நாள்! அத்தனை நாள் விட்டால் காய் முற்றி விதைக்குத்தான் ஆகும். கேரளாவுக்குப் போகிற சரக்கு வேறு. அங்கே சோதனையில் மாட்டினால் வியாபாரி நம் தலையில்தான் கட்டுவார். நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மேட்டாங்காடு:
தம்பி, கடைக்காரர் சொன்னதை விடுங்கள், தாளில் இருப்பதுதான் சரி. அந்த மருந்து பறிப்புக் காலத்துக்கு ஆகாது. நட்ட 30ஆம் நாள் வாக்கில், நுனி வாட ஆரம்பிக்கும்போது அடித்தால் 52ஆம் நாளோடு கணக்கு தீர்ந்தது. முதல் பறிப்பு எப்படியும் அதற்கு அப்புறம்தானே.

இப்போது அடித்தே ஆக வேண்டுமென்றால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி, 10 லிட்டர் டேங்குக்கு 4 கிராம். கத்தரிக்கு அதன் காத்திருப்பு 3 நாள். காலையில் பறித்துவிட்டு அன்று சாயங்காலமே அடித்தால் அடுத்த பறிப்புக்கு இடிக்காது. அதற்காக ஒவ்வொரு பறிப்புக்கும் அடித்தால் புழு பழகிவிடும். கடையில் 'மோனோ' (மோனோகுரோட்டோபாஸ்) கலந்து கொடுத்தால் வாங்காதீர்கள். காய்கறிக்கு அதை 2005லேயே தடை செய்தாயிற்று.

இன்னொன்று. முட்டை பொரிந்த கொஞ்ச நேரத்திலேயே புழு உள்ளே போய், ஓட்டையைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். அப்புறம் எந்த மருந்தை ஊற்றினாலும் அதன் மேல் படாது. வாடிய நுனியை ஒரு அங்குலம் கீழே சேர்த்துக் கிள்ளிக் கொளுத்துங்கள். சொத்தைக் காயை வரப்பில் கொட்டுகிறோமே, அங்கிருந்துதான் அடுத்த அந்துப்பூச்சி கிளம்புகிறது. எங்கள் ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்துவிட்டு மருந்து சரியில்லை என்கிறார்கள்.

கோவை இல்லத்தரசி:
வாங்கிச் சமைக்கிறவள் கேட்கிறேன் அண்ணா. உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் போய்விடுமா?

மேட்டாங்காடு:
தோல் மேலே இருப்பது ஓரளவு போகும், அதனால் கழுவுங்கள் அம்மா. செடி உறிஞ்சிக் காய்க்குள் போன மருந்து எந்தத் தண்ணீருக்கும் வராது. அதற்குத்தான் இந்த நாள் கணக்கு. வீட்டுக்கென்று மருந்தில்லாமல் தனியாக நாலு செடி வைத்துக்கொள்கிற விவசாயிகளுக்கு இது நன்றாகவே தெரியும்.

கத்தரிக்காட்டான்:
நன்றி அண்ணா. டப்பாவைப் பிரித்துவிட்டேன், கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். அடுத்த நடவுக்கு வைத்துக்கொள்கிறேன். நாளைக்கு ஆள் விட்டு நுனி கிள்ளச் சொல்லியிருக்கிறேன். ஆண் அந்துப்பூச்சியை வாசனை காட்டிப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5 என்கிறார்களே, 60 சென்டுக்கு 3 போதுமா?

மேட்டாங்காடு:
போதும். டப்பாவில் காலாவதித் தேதியைப் பார்த்து வையுங்கள். பொறி வாங்கும்போது கத்தரித் துளைப்பானுக்கான வாசனைக் குப்பியை லூசின் லூர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், இல்லையென்றால் தக்காளிப் புழுவுக்கானதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.