சான் டியேகோவிலிருந்து இரண்டரை நாள் சூரைப் பயணம்: தூண்டில் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

இர்வைன்_புதுசு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் மச்சானும் ஆகஸ்ட் நடுவில் சான் டியேகோவிலிருந்து கிளம்பும் இரண்டரை நாள் படகு ஒன்றில் இடம் பிடித்திருக்கிறோம். இதுவரை போனதெல்லாம் அரை நாள் பயணம்தான். கரைக்குப் பக்கத்திலேயே நின்று பாஸ், ராக்ஃபிஷ் என்று நாலைந்து பிடித்து, மதியம் வீட்டுக்கு வந்து பொரித்துச் சாப்பிடுகிற கதை. சூரை (ட்யூனா), யெல்லோடெயில் பக்கம் போனதே இல்லை.

கடைக்குப் போனால் கடைக்காரர் நாலு செட் ராடும் (தூண்டில் கோல்) ரீலும் (நரம்பு சுற்றும் உருளை) இல்லாமல் படகில் ஏறவே கூடாது என்பதுபோலப் பேசுகிறார். கூட்டிப் பார்த்தால் டிக்கெட்டை விட மூன்று மடங்கு வருகிறது. வாடகை போதுமா? அப்புறம் படகு மெக்ஸிகோ கடலுக்குள் போகும் என்கிறார்கள், நான் எச்1பி, பாஸ்போர்ட்டில் விசா முத்திரை போன வருடமே முடிந்துவிட்டது. வாந்திக்கு என்ன செய்வது? ஐஸ் பெட்டி எவ்வளவு பெரியது வேண்டும்?

மச்சான் தூத்துக்குடிக்காரன். "மாசிக் கருவாடு போடுகிற மீனைப் பிடிக்க இவ்வளவு டாலரா" என்று ஒரு வாரமாகக் கிண்டல் வேறு.

படகுப்பைத்தியம் எழுதியது:

முதலில் விசா விஷயம், ஏனென்றால் மற்றதெல்லாம் தவறினாலும் சரிசெய்துகொள்ளலாம். கொரனாடோ தீவுகளே மெக்ஸிகோவுக்குச் சொந்தம், துறைமுகத்திலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம்தான். கேப்டன் மீன் இருக்கும் இடத்துக்குத்தான் போவார், எல்லைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார். பாஸ்போர்ட் கட்டாயம். முத்திரை முடிந்திருந்தால் டிக்கெட் கொடுத்த லேண்டிங் (படகுகள் கிளம்பும் துறை) அலுவலகத்தையும் உங்கள் கம்பெனி வக்கீலையும் இன்றைக்கே கேளுங்கள், இங்கே வருகிற பதிலை நம்பிப் படகேற வேண்டாம்.

தூண்டில்: வாடகையே போதும். சான் டியேகோவின் பாயின்ட் லோமா லேண்டிங்குகளில் செட்டாகவே தருவார்கள். 30 பவுண்டு தாங்கும் லைன் (நரம்பு) ஒன்று, 40 ஒன்று, ப்ளூஃபின் சூரை பெரிதாக ஓடுகிற வாரமென்றால் 60 அல்லது 80 ஒன்று, கியர் இரண்டு வேகம் உள்ள ரீலோடு. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் லேண்டிங்கின் மீன் கணக்கைப் பாருங்கள், எந்த அளவு மீன் வருகிறது என்று பார்த்து அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். சொந்தமாகக் காசு போடுவதென்றால் ஃப்ளூரோகார்பன் தங்கூசியிலும் நல்ல கொக்கியிலும் போடுங்கள். மீன் உங்கள் ரீலைப் பார்ப்பதில்லை, கடைசி ஐந்தடி நரம்பைத்தான் பார்க்கிறது.

இதெல்லாவற்றையும் விட மத்திதான் முக்கியம். படகு கடலுக்குப் போகும் வழியில் வளைகுடாவிலேயே ஓரிடத்தில் நின்று உயிர் மத்தியைத் தொட்டி தொட்டியாக ஏற்றிக்கொள்ளும். மீன் மேலே வந்ததும் நாற்பது பேர் அந்தத் தொட்டியைச் சுற்றி மொய்ப்பார்கள். கையில் அகப்பட்டதை எடுக்காதீர்கள். மூக்கு சிவந்தது, செதில் உதிர்ந்தது, தொட்டி ஓரத்தில் சும்மா மிதப்பது இவை எல்லாம் செத்த மாதிரிதான். பச்சை முதுகு, முழுச் செதில், பிடிக்கப் போனால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதே, அதுதான் வேண்டும். கையை நனைத்துக்கொண்டு அழுத்தாமல் எடுத்து, மூக்கில் குறுக்காகக் கொக்கியைக் கோத்து, ஈயம் எதுவும் இல்லாமல் விடுங்கள். அது படகைவிட்டு விலகி ஓட வேண்டும். ஒரு நிமிடமாகியும் படகுக்கடியிலேயே சுற்றுகிறதென்றால் சோம்பேறி மத்தி, மாற்றிவிடுங்கள். இதில் சலித்துக்கொள்பவன் வெறுங்கையோடு நிற்பான்.

சூரை எடுத்தால் சந்தேகமே வராது. ஸ்பூல் முதலில் மெதுவாக, பிறகு திடீரென்று கிர்ர் என்று சுழலும். கட்டை விரலை லேசாக வைத்துக்கொண்டு மூன்று நான்கு எண்ணி ரீலின் லீவரைத் தள்ளிப் பிரேக்கைப் போடுங்கள். வட்டக் கொக்கியென்றால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது, ரீலைச் சுற்றினால் போதும், கடைவாயில் தானாக மாட்டும்.

யெல்லோடெயில் வேறு ஜாதி. பெயரைப் பார்த்து யெல்லோஃபினோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். யெல்லோஃபின் சூரை, இது நம் ஊர்ப் பாரை இனம். மிதக்கும் கெல்ப் பாசித் திட்டுகளுக்கு அடியில் கூட்டமாக நிற்கும். மாட்டியதும் நேராகப் பாசிக்குள்ளோ பாறைக்குள்ளோ பாயும். முதல் பத்து விநாடி விட்டுக்கொடுத்தால் நரம்பு அறுந்த மாதிரிதான்.

மத்திக்காரன் எழுதியது:

மேலே சொன்னதில் வாடகை விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. 40 பவுண்டு செட் ஒன்றாவது சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள், கைக்குப் பழகிய டிராக் (ரீலின் பிரேக்) இருந்தால் இருட்டிலும் பயமில்லை. நாலு செட் என்பது வியாபாரம், அதில் சந்தேகமில்லை.

இதைச் சொல்கிற நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பயணத்தில் விலை உயர்ந்த புது ரீலோடு போனேன். படகின் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பு எதுவுமில்லை. விடியற்காலையில் ஒரு மீன் மாட்டியது, படகின் பின்பக்கம் நின்றிருந்தேன், அது வலப்பக்கமாக முன்னால் ஓடியது. டெக்ஹேண்ட் (படகு உதவியாள்) பையன் "மீனோடு போ, மீனோடு போ" என்று கத்துகிறான். நானோ ஒரு கையில் ராடு, இன்னொரு கையில் போன், வீடியோ எடுத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அரை நிமிடத்தில் ஐந்து பேருடைய லைன் என் லைனோடு பின்னிக்கொண்டது. பையன் ஒவ்வொரு ராடாகப் பிடுங்கி, ஒன்றின் மேலே, இன்னொன்றின் கீழே என்று எடுத்துப் பிரித்தான். கடைசியில் என்னுடையதைத்தான் அறுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆகவே லைன் எப்போதும் உங்களுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். மீன் படகைச் சுற்றினால் நீங்களும் சுற்றுங்கள், அடுத்தவர் ராடுக்கு மேலே போகவா கீழே போகவா என்று கேட்டுக்கொண்டே போங்கள். டெக்ஹேண்ட் சொன்னால் மறுபேச்சு வேண்டாம். இறங்கும்போது டிக்கெட் விலையில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது வழக்கம், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

வாந்தி_வீரன் எழுதியது:

என் பெயரே தகுதிச் சான்று. மாத்திரையைத் தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் அது மீனுக்குத்தான் போகும். கிளம்புவதற்கு முந்தின இரவே ஒன்று, காலையில் ஒன்று. எனக்கு மெக்லிசின் ஒத்துக்கொண்டது, தூக்கம் அதிகம் வராது. காதுக்குப் பின்னால் ஒட்டுகிற பட்டைக்கு டாக்டர் சீட்டு வேண்டும். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். டீசல் வாடை அடிக்கிற பக்கம் நிற்காமல் அடிவானத்தைப் பாருங்கள். வந்தால் காற்று போகிற பக்கம் போய் எடுங்கள், எதிர்க்காற்றில் எடுத்து நான் பட்டது போதும்.

இர்வைன்_புதுசு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வக்கீலுக்கு மெயில் போட்டாயிற்று. ஒரு 40 பவுண்டு செட் வாங்கி மற்றதை வாடகைக்கு எடுப்பதாக முடிவு. ஆளுக்கு எத்தனை மீன் பிடிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே? மச்சான் இரண்டு பெரிய பெட்டி வாங்கி வைத்திருக்கிறான், இப்போது கிண்டலையும் காணோம்.

படகுப்பைத்தியம் எழுதியது:

கலிபோர்னியாவில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ப்ளூஃபின் 2. பல நாள் பயணமானாலும் அதிகபட்சம் மூன்று நாள் கணக்கு, ஆக 6. முன்பு நாளைக்கு 10 இருந்தது, மீன் மிகவும் குறைந்துபோனதால் 2015இல் 2 ஆக்கினார்கள். ஜப்பான் பக்கம் பிறந்து பசிபிக்கையே தாண்டி இங்கே வருகிற மீன் இது, அதனால் அங்கே பிடிப்பதையும் குறைத்தால்தான் இங்கே தெரியும். குறைத்தார்கள், பலன் கிடைத்தது: மீட்பு இலக்கை 2021லேயே எட்டிவிட்டது என்று 2024 மதிப்பீடு சொல்கிறது. மெக்ஸிகோ பக்கத்துக்குக் கணக்கு வேறு, அதைப் படகுக்காரர்களே சொல்வார்கள்.

பெட்டி இரண்டு தாராளம். 50 பவுண்டு மீன் ஒன்றில் பாதிக்கு மேல் கறி தேறும், இரண்டு மீன் வந்தால் உங்கள் வீட்டு ஃப்ரீசர் நிறைந்துவிடும்.

மச்சானுக்குச் சொல்லுங்கள், மாசி போடுவது பெரும்பாலும் வரிச்சூரையில், இது வேறு. 1898இல் கட்டலினா தீவுப் பக்கம் சார்ல்ஸ் ஹோல்டர் என்பவர் 183 பவுண்டு ப்ளூஃபினைத் தூண்டிலில் பிடித்து, அதே வருடம் அந்தத் தீவின் அவலான் ஊரில் ட்யூனா கிளப்பையே தொடங்கினார். இந்தப் பைத்தியத்துக்கு அத்தனை வயது.

சூரைக்கு உடம்புச் சூடு கடல் தண்ணீரை விட அதிகம். அரை மணி நேரம் போராடியதை அப்படியே தளத்தில் போட்டுவைத்தால் சதை வெந்த மாதிரி வெளுத்துப்போகும். காஃப் கொக்கி போட்டுத் தூக்கியதும் டெக்ஹேண்ட் செவுளில் வெட்டி ரத்தத்தை வடித்து, உங்கள் எண் போட்ட சீட்டைக் குத்தி, குளிரூட்டிய கடல் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவான். அதற்கு முன்னால் போட்டோவுக்காகப் பத்து நிமிடம் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

படகிலேயே வெட்டச் சொன்னால் சட்டப்படி ஒரு சூரை ஆறு துண்டாக, மீனுக்கு ஒரு பை என்று வர வேண்டும்: நீளவாக்குச் சதைப் பாளம் நான்கு, காலர் (செவுளுக்குப் பின்னால் உள்ள கழுத்துப் பகுதி) ஒன்று, வயிறு ஒன்று. அந்தக் காலரையும் வயிற்றையும் யாராவது வேண்டாமென்று விட்டால் நீங்கள் கேட்டு வாங்குங்கள். காலருக்கு மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு மட்டும் தடவி தணலில் வாட்டினால் போதும், குழம்பில் போட்டு வீணாக்க வேண்டாம்.