கேபிளில் செய்திச் சேனல் திடீரென வரவில்லை: பழுதா, தடையா, கம்பெனி வேலையா?

தெருமுனை: எங்கள் ஊர் கேபிளில் இலவசத் தமிழ்ச் செய்திச் சேனல் ஒன்று இரண்டு நாளாக வரவில்லை. டிடிஎச்சில் வருகிறது. ஆபரேட்டர் "மேலேயே எடுத்துட்டாங்க சார்" என்கிறார். மேலே என்றால் அரசாங்கமா, எம்எஸ்ஓவா (ஆபரேட்டருக்குச் சேனல்களைக் கொடுக்கும் பெரிய கேபிள் கம்பெனி)? எப்படிக் கண்டுபிடிப்பது? டிராய்க்கு (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) எழுதலாமா?

ஹெட்எண்ட்: முதலில் பழுதா என்று பாருங்கள். ஒரே அலைவரிசையில் பத்துக்கு மேற்பட்ட சேனல்கள் சேர்ந்து வரும். ஒயர், கனெக்டர், ஆம்ப்ளிஃபயர் கெட்டிருந்தால் அவை கூட்டமாகப் போகும்; திரையில் "நோ சிக்னல்" என்று வரும். ஒன்று மட்டும் போயிருந்தால் அது ஒயர் பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. சந்தா இல்லை என்று வந்தால் உங்கள் பேக்கிலிருந்து எடுத்திருக்கிறார்கள். இலவசச் சேனலும் பேக்கில் இருந்தால்தான் தெரியும்.

அடுத்து, தடையா என்பது. 1995ஆம் ஆண்டு கேபிள் சட்டத்தின் 20ஆம் பிரிவில் மத்திய அரசு ஒரு சேனலையே நிறுத்தலாம். அப்படி நிறுத்தியிருந்தால் டிடிஎச்சிலும் வராது. 19ஆம் பிரிவில் கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ தங்கள் எல்லைக்குள் கேபிளில் நிறுத்தச் சொல்லலாம். ஆனால் அதற்கு உத்தரவு வேண்டும். போனில் சொன்னார்கள் என்பது சட்டத்தில் எங்கும் இல்லை. உத்தரவு நகலைக் கேளுங்கள். இல்லையென்றால் எம்எஸ்ஓவின் முடிவு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கேரேஜ்கணக்கு: சேனலின் கழுத்தைப் பிடிக்கும் இடம் எதை ஒளிபரப்பலாம் என்ற நிகழ்ச்சி விதிகள் அல்ல, கேரேஜ் கட்டணம்; அதாவது சேனலை வீடுகளுக்குக் கொண்டுபோக எம்எஸ்ஓ அந்தச் சேனலிடம் வாங்கும் காசு. 2017 டிராய் விதி எஸ்டி (சாதாரணத் தர) சேனலுக்கு ஒரு சந்தாதாரருக்கு மாதம் 20 காசு என்று உச்சவரம்பு வைத்தது. 10 லட்சம் பாக்ஸ் என்றால் மாதம் 2 லட்சம் ரூபாய். அந்தச் சேனலைப் பேக்கில் வைத்திருப்போர் 12 சதவீதம் என்றால் பாதி, 20 சதவீதம் தாண்டினால் ஒன்றுமில்லை. பேக்கில் என்ன போடுவது என்பதை முடிவு செய்பவரும் எம்எஸ்ஓதான். அடிப்படை பேக்கிலிருந்து எடுத்தாலே சதவீதம் சரியும், கட்டணம் ஏறும். சிறிய சேனல் அங்கேயே மூச்சுத் திணறும்.

உடைமை வரம்பும் ஓட்டைதான். ஒளிபரப்பு நிறுவனமோ கேபிள் நிறுவனமோ டிடிஎச் கம்பெனியில் 20 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. சேனலும் கேபிளும் ஒரே குடும்பத்தில் இருப்பதற்கு அப்படி ஒரு தடை கிடையாது. மாநில அரசும் அரசியல் கட்சியும் விநியோகத்தில் இறங்கக் கூடாது என்று டிராய் 2012இல் பரிந்துரைத்தது. ஆனாலும் 2017 ஏப்ரலில் மாநில அரசின் கம்பெனியான தமிழ்நாடு அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் இது ஆபத்தான ஏற்பாடு என்பதே என் கருத்து.

தெருமுனை: ரீஸ்கேன் செய்தேன். சேனல் இருக்கிறது! பக்திச் சேனல்களுக்கு நடுவே போய் உட்கார்ந்திருக்கிறது. பழைய எண்ணில் வேறு செய்திச் சேனல்.

ஹெட்எண்ட்: அப்படியென்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. செய்தி என்று அறிவித்த சேனலைச் செய்தி வரிசையில்தான் வைக்க வேண்டும். 2020 திருத்தப்படி அந்த வரிசைக்குள் ஒரே மொழிச் சேனல்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். கொடுத்த எண்ணை ஓராண்டுக்கு மாற்றக் கூடாது. பட்டியல் திரையைத் தேதி தெரிய, முன்பின் எண்கள் விழும்படி போட்டோ எடுங்கள். புகாரை ஆபரேட்டரிடம் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். எம்எஸ்ஓவிடம் பதிந்து புகார் எண் வாங்குங்கள். அவர்களின் தொடர்பு எண்கள் 999ஆம் சேனலில் ஓடும். தீரவில்லையென்றால் தீராத புகார்களைக் கவனிக்கும் அவர்களின் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். டிராய் தனிநபர் புகாரைத் தீர்த்துவைக்காது.

கேரேஜ்கணக்கு: அதே போட்டோவைச் சேனலின் விநியோகப் பிரிவுக்கும் அனுப்புங்கள். டிடிசாட் என்ற தொலைத்தொடர்புத் தகராறுத் தீர்ப்பாயத்தில் எம்எஸ்ஓ மீது வழக்குப் போட அவர்களால் முடியும். எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு மாறியது என்பதைப் பார்வையாளர் சொன்னால்தான் அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கும். பக்கத்து ஊர்க்காரர்களிடமும் போட்டோ வாங்கிச் சேர்த்து அனுப்புங்கள்.