தீவின் பின்புறக் குடாவுக்குப் படகிலா, நடந்தா? முன்னறிவிப்பைப் பார்த்துச் சொல்லுங்கள்

காற்றாடி:
வணக்கம். போக நினைப்பது தீவின் பின்புறம் உள்ள ஒரு சின்னக் குடா. வாய் 80 மீட்டர் அகலம், தென்மேற்கு பார்த்தது. உள்ளே மணல், பின்னால் செங்குத்துப் பாறை. மூன்று வழி இருக்கிறது. ஒன்று, 3.4 மீட்டர் ரப்பர் டிங்கிப் படகு, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், 4 கிலோ மடக்கு நங்கூரம். இரண்டு, முனையைச் சுற்றிப் பாறை மேல் நடப்பது. நடுவில் ஓர் இடுக்கைத் தாண்டணும், கடல் வரைபடத்தில் அதன் தரை 1.0 மீட்டர் உயரம் என்று இருக்கிறது (வற்றம், ஏற்றம் அளக்கும் அதே அடிமட்டத்திலிருந்து). மூன்று, மேட்டு வழி, 2.5 கிலோமீட்டர், 140 மீட்டர் ஏற்றம், கடைசியில் சரளைச் சரிவு.

சனிக்கிழமை கடல்நீர் வற்றம் காலை 10:40க்கு, 0.4 மீட்டர். ஏற்றம் மாலை 4:50க்கு, 2.8 மீட்டர். காற்று வடகிழக்கு 8 நாட். ஸ்வெல் (தொலைவிலிருந்து வரும் நீள் அலை) தென்மேற்கு 1.2 மீட்டர், அலைக்கு அலை 13 வினாடி. பெரியவர்கள் இருவர், 9 வயதும் 12 வயதுமாக இரண்டு பிள்ளைகள். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் குடா அமைதியாக இருக்கும், டிங்கியே சுலபம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சரியா?

ஓதமானி:
காற்றை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். இந்த முன்னறிவிப்பில் முக்கியமான எண் அந்த 13 வினாடிதான்.

8 நாட் கரைக்காற்று தண்ணீரின் மேல்பரப்பைத் தடவி வழவழப்பாக்கும், அவ்வளவுதான். தொலைவில் எங்கோ பிறந்து வரும் ஸ்வெல்லை அது ஒன்றும் செய்யாது. ஆழ்கடலில் அலைநீளம் மீட்டரில் தோராயமாக 1.56 × வினாடி × வினாடி. 5 வினாடி அலைக்கு 39 மீட்டர். 13 வினாடிக்கு 264 மீட்டர். அலைநீளத்தில் பாதி ஆழம் வந்ததுமே அலை தரையை உணரத் தொடங்கும். அதாவது உங்கள் ஸ்வெல் 130 மீட்டர் ஆழத்திலேயே வளைய ஆரம்பித்து, முனையைச் சுற்றித் திரும்பிக் குடாவுக்குள் வரும். உங்கள் குடாவோ வாயைத் திறந்துகொண்டு நேராக அதைப் பார்த்தே நிற்கிறது. கரையை நெருங்க நெருங்க உயரமும் கூடும். வெளியே 1.2 என்றால் மணலருகே ஒன்றரை மீட்டருக்கு மேல் எழுந்து மடிவது சாதாரணம். அங்கே மணல் செங்குத்தாக இருந்தால் எல்லாம் ஒரே இடத்தில், முழங்கால் ஆழத்தில், ஒரே போடாகப் போடும்.

கடலிலிருந்து பார்க்கும்போது இது தெரியாது என்பதுதான் சிக்கல். அலையின் முதுகுதான் உங்கள் பக்கம் இருக்கும். கரைக்காற்று வேறு அதைத் தேய்த்து வைத்திருக்கும். பெரிய அலைகள் கூட்டமாக வரும், இடையில் பல நிமிடம் ஒன்றுமே இருக்காது. அதனால்தான் வாயிலில் நின்று இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போகிறவர்கள் கவிழ்கிறார்கள். குறைந்தது 15 நிமிடம் நின்று பாருங்கள்.

அடுத்து இடுக்கு. அரைநாளுக்கு ஒரு ஏற்றம் வரும் கடலில் பன்னிரண்டில் ஒன்று விதி ஓரளவு பொருந்தும். உங்கள் வித்தியாசம் 2.4 மீட்டர், பன்னிரண்டில் ஒரு பங்கு 0.2. வற்றத்துக்குப் பிறகு மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்காக நீர் ஏறும்:

11:40 – 0.6 மீ
12:40 – 1.0 மீ
13:40 – 1.6 மீ
14:40 – 2.2 மீ

ஆக, ஏட்டுக் கணக்கில் இடுக்கு காலை 8:40 முதல் 12:40 வரை காய்ந்திருக்கும். ஆனால் 1:40க்கே அதில் 60 சென்டிமீட்டர் தண்ணீர். ஒன்றாம் மணியில் 20 சென்டிமீட்டர்தான் ஏறியது என்று உட்கார்ந்திருப்பவர்களை மூன்றாம் மணி பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் அலையில்லாத நாளுக்கான கணக்கு. இடுக்கின் தரை நீர்மட்டத்துக்கு மேல் அதிகபட்சம் 60 சென்டிமீட்டர்தான் இருக்கப்போகிறது. 13 வினாடி ஸ்வெல் குறுகலான இடுக்கில் நுழைந்தால் அதற்கு மேலேயே பாய்ந்து போகும். சனிக்கிழமை படகும் வேண்டாம், முனையும் வேண்டாம். மேட்டு வழியில் போங்கள். போனாலும் குளியல் கணுக்காலோடு.

பாய்மரம்:
ஓதமானி சொன்னதோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் வேறொரு நாள் டிங்கியில் போவீர்கள் என்பதால் சாமான் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மடக்கு நங்கூரத்தை வீட்டில் வையுங்கள். நான்கு விரலும் பாறை இடுக்கில் மாட்டும், மணலில் உழுதுகொண்டே போகும். மணலுக்குத் தட்டை அலகுள்ள டான்ஃபோர்த் வகை, அதே 4 கிலோ போதும். நங்கூரத்தை அடுத்து 5 மீட்டர் சங்கிலி, பிறகு கயிறு. சங்கிலி இல்லாவிட்டால் கயிறு நங்கூரத்தின் தண்டைத் தூக்கும். அலகு மண்ணைக் கடிக்காது.

கயிற்றின் நீளத்தை, போட்ட நேரத்து ஆழத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். வற்றத்தில் 3 மீட்டரில் போடுகிறீர்கள், மாலை வரை இருப்பீர்கள் என்றால் ஏற்றத்துக்கு 2.4, அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் 0.6 சேர்த்து 6 மீட்டர். பெரும்பகுதி கயிறு என்பதால் ஏழு மடங்கு, 42 மீட்டர். இரண்டு மணி நேரத்தில் கிளம்புவதாக இருந்தால் 3 + 0.6 + 0.6 = 4.2, ஏழு மடங்கு 30 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. போட்டதும் மெதுவாகப் பின்னோக்கி ஓட்டிக் கடிக்க விடுங்கள். கரையில் ஒரே கோட்டில் வரும் இரண்டு பொருளைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு பாறையும் அதன் பின்னால் ஒரு மரமும் மாதிரி. கோடு கலைந்தால் நங்கூரம் இழுபடுகிறது.

வெளிறிய திட்டு மணல், கரும்பச்சைத் திட்டு கடற்புல். புல்லில் போடாதீர்கள். பிடிக்காது என்பது ஒன்று. பிய்த்த புல் திரும்ப வளர ஆண்டுக்கணக்காகும் என்பது இன்னொன்று. ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் 2018 முதல் பொசிடோனியா என்ற கடற்புல்வெளியில் நங்கூரம் போடுவதே குற்றம்.

கரையேறும்போது பலரும் படகை மணலில் இழுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். மணல் 20க்கு 1 சரிவாக இருந்து நீர் 60 சென்டிமீட்டர் வற்றினால் விளிம்பு 12 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். எஞ்சினோடு சேர்த்து நூறு கிலோ வரும் டிங்கியை ஈர மணலில் 12 மீட்டர் இழுத்துப் பாருங்கள், தெரியும். நீர் ஏறும் நேரமானால் தலைகீழ்: படகு தானே மிதந்து கிளம்பிவிடும், கரைக்காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆட்களை இறக்கிவிட்டு, அலை மடியும் இடத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு, ஒருவர் நீந்தி வருவதே நல்லது. எஞ்சினை அணைக்கும் சுருள்வார் கடைசிவரை ஓட்டுபவர் காலில் இருக்கட்டும். ஆழம் குறையும்போது எஞ்சினைச் சாய்க்க மறந்தால் குளிர்நீர்த் துளை மணலை உறிஞ்சும். குளிர்நீர் வெளியேறும் சிறு துளையிலிருந்து நீர் பீய்ச்சுவது நின்றால் உடனே அணையுங்கள்.

காற்றாடி:
மிக்க நன்றி, டிங்கியை விட்டுவிட்டேன். மேட்டு வழியில் இறங்கிவிட்டு, பிள்ளைகள் களைத்துப் போனால் பிற்பகல் 3 மணிக்கு ஒரு வாடகைப் படகை வரச்சொல்லித் திரும்பலாமா? மேட்டு வழிக்கு வேறென்ன தேவை?

கல்லுப்பாதை:
படகை நம்பி இறங்காதீர்கள் தோழரே. நிலம் சூடேறினால் பிற்பகலில் கடற்காற்று திரும்பும், காலையில் இருந்த வடகிழக்கு அங்கே இருக்காது. ஸ்வெல்லின் மேல் சிற்றலையும் ஏறினால் எந்தப் படகோட்டியும் உள்ளே வரமாட்டார். வந்தால் அதுதான் கவலை. ஏறி வர முடிகிறவர்கள் மட்டும் இறங்குவது. 9 வயதுப் பிள்ளைக்கு 140 மீட்டர் ஏற்றம் பெரிதில்லை, உச்சி வெயிலில் ஏறுவதுதான் பெரிது. 7:30க்குக் கிளம்பி 11 மணிக்குள் திரும்ப ஏறத் தொடங்குங்கள். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர்; அதில் ஒரு லிட்டரைச் சரிவின் தலையில் நிழலில் வைத்துவிட்டு இறங்கினால் சுமையும் குறையும், ஏறி வந்ததும் கையில் கிடைக்கும்.

சரளைச் சரிவில் ஒருவர் நேர்மேலே இன்னொருவர் நிற்கக்கூடாது. குறுக்காக, ஒருவர் ஒதுங்கிய பிறகு அடுத்தவர். செருப்பு ஆகாது, கட்டை விரலை மூடும் காலணி.

கீழே போனதும் எல்லோரும் தேடும் நிழல் பாறையடி நிழல்தான். அங்கே உட்காராதீர்கள். பாறை முகத்தில் வெளிறிய, அழுக்குப் படியாத திட்டு தெரிந்தால் அது சமீபத்தில் உடைந்த இடம். அடியில் கூர்முனைக் கற்கள் கிடந்தால் இன்னும் உறுதி. 2018 செப்டம்பரில் கிரேக்கத்தின் நவாயோ கடற்கரையில் ஒரு பாறைச் சரிவு கடலில் விழுந்து, எழுந்த அலையில் படகுகள் கவிழ்ந்து ஆட்கள் காயப்பட்டார்கள்.

கரைப் பாறையில் நடந்தால் சின்னச் சிப்பிகள் அப்பிய சொரசொரப்புப் பட்டை கால் பிடிக்கும், விழுந்தால் தோலைச் சீவும். அதற்கு மேலே உள்ள கறுப்புப் பட்டைதான் ஈரத்தில் வழுக்கும். காய்ந்தது போலவே இருக்கும், ஏமாறாதீர்கள். விஷமுள் உள்ள மீனை மிதித்துவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாமல், வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் கால் வைக்க வேண்டும். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோவது அதற்கும் ஆகும்.

பாறை சூழ்ந்த குடாவில் கைபேசி சிக்னல் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குள் மேலே வருவீர்கள், வராவிட்டால் யாரை அழைப்பது என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இறங்க அனுமதி உண்டா என்பதையும் முதலில் பாருங்கள். தாய்லாந்தின் மாயா குடா 2018இல் மூடப்பட்டு 2022இல்தான் திறந்தது. இப்போதும் படகு முன்பக்கம் வரக்கூடாது, பின்பக்கம் இறங்கி நடந்துதான் போகணும்.

ஓதமானி:
ஒன்று விட்டுப்போனது. "சரி, கடல் அடங்கட்டும், ஒரு வாரம் கழித்து முனை வழியாகப் போகலாம்" என்று தோன்றும். ஏற்றவற்ற வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரிதாகவும் நடுவில் சிறிதாகவும் இருக்கும்; உங்கள் சனிக்கிழமை பெரிய பக்கம், ஒரு வாரத்தில் நடுவே வந்துவிடுவீர்கள். அப்போது உங்கள் ஊரில் வற்றமே ஏறக்குறைய 1.1 மீட்டர், ஏற்றம் 2.1. இடுக்கின் தரை 1.0 என்பதால் அன்றைக்கு அது காயவே காயாது. ஆனால் ஏற்றவற்ற வித்தியாசம் ஒரு மீட்டர்தான் என்பதால் டிங்கிக்கு அதுதான் நல்ல நாள், ஸ்வெல் அரை மீட்டருக்குக் கீழே இருந்தால். முனை வழி வேண்டுமானால் இரண்டு வாரம் பொறுங்கள். பெரிய வற்றம் ஓர் இடத்தில் எப்போதும் ஏறக்குறைய அதே கடிகார நேரத்தில்தான் வரும். உங்களுக்கு அது மறுபடி காலை பத்தரை, பதினொன்றை ஒட்டியே அமையும்.