ஜெனரல் பொல்யகோவ்: பணம் வாங்காதவன் யோக்கியனா?

நெல்லைக்காரன்:
திமித்ரி பொல்யகோவைத் துரோகி என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. சோவியத் ராணுவ உளவுத்துறையான ஜி.ஆர்.யூ. அதிகாரி, இரண்டாம் உலகப்போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். 1961இல் நியூயார்க்கில் தானாகவே அமெரிக்கர்களை அணுகினார். ரங்கூன், டெல்லி, மாஸ்கோ என்று எங்கே மாற்றினாலும் தகவல் கொடுத்தார். கூலி ஆண்டுக்கு 3,000 டாலரைத் தாண்டவில்லை என்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் மின்கருவிகள், தூண்டில், வேட்டைத் துப்பாக்கி. காசுக்கு விலைபோனவன் கேட்கிற சாமான்களா இவை?

மதுரை மாலதி:
அண்ணே, மலிவாக விற்றால் விற்றதே இல்லை என்று ஆகிவிடுமா? அவர் கொடுத்ததில் ஆட்களின் பெயர்களும் உண்டு. பொய்ப் பெயரில் வெளிநாட்டில் வாழ்ந்த சொந்த நாட்டு உளவாளிகளையே காட்டிக்கொடுத்தவர். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருந்திருக்கும்.

நெல்லைக்காரன்:
அவருக்கும் பிள்ளை இருந்தான் மாலதி. நியூயார்க்கில் மகன் சாகக்கிடந்தபோது அமெரிக்க ஆஸ்பத்திரியில் சேர்க்க மேலிடம் விடவில்லை. பையன் போய்விட்டான். அந்த வயிற்றெரிச்சலை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது?

பழைய புத்தகக்காரர்:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். மகன் கதையும் தூண்டில் கதையும் யார் சொல்லி நமக்குத் தெரியும்? 1994இல், சோவியத்துக்கு ரகசியம் விற்ற சொந்த அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் பிடிபட்டு அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் மானம் கப்பலேறிய நேரத்தில், அதன் பழைய ஆட்கள் பத்திரிகைகளிடம் சொன்னவைதான் பெரும்பாலும். பொய் என்று சொல்லவில்லை. ஆனால் ஏம்ஸை இன்னும் கரியாகக் காட்ட, அவன் காட்டிக்கொடுத்தவர் வெள்ளையாக இருப்பது வசதி.

என்னைக் கேட்டால் மனிதனின் மனசை விட்டுவிட்டுச் சரக்கைப் பார்க்க வேண்டும். சீன-சோவியத் விரிசல் எவ்வளவு ஆழம் என்று காட்டிய ஆவணங்கள். சோவியத் ராணுவத்தின் ரகசிய மாத இதழ் நூற்றுக்கும் மேல், படமெடுத்து. மாஸ்கோவில் டிராமில் அமெரிக்கத் தூதரகத்தைக் கடக்கும்போது பைக்குள் பொத்தானை அழுத்தினால் இரண்டு மூன்று நொடியில் செய்தி பறந்துவிடும். அந்தத் துணிச்சலை யாரும் இட்டுக்கட்ட வேண்டியதில்லை.

மதுரை மாலதி:
துணிச்சலை நான் மறுக்கவில்லையே. வழிப்பறிக்காரனுக்கும் துணிச்சல் உண்டு.

நெல்லைக்காரன்:
வழிப்பறிக்காரன் தப்பி ஓடுவான். அமெரிக்கா அழைத்தும் இவர் வரமாட்டேன் என்றார். ரஷ்யனாகப் பிறந்தேன், ரஷ்யனாகவே சாவேன் என்றாராம். 1979இலேயே, அமெரிக்க எஃப்பிஐக்குள் இருந்தே சோவியத்துக்கு உளவு சொன்ன ராபர்ட் ஹான்சன் இவரைப் பற்றி ஜி.ஆர்.யூ.விடம் சொல்லிவிட்டான். 1980இல் டெல்லியிலிருந்து திரும்ப அழைத்தார்கள், போனார்.

பழைய புத்தகக்காரர்:
எனக்கு விளங்காதது அதற்குப் பிறகுதான். ஹான்சன் சொன்ன பிறகும் ஓய்வு கொடுத்து வீட்டில் உட்காரவைத்தார்கள். 1985இல் சோவியத்தின் இன்னொரு உளவுத்துறையான கேஜிபியிடம் ஏம்ஸும் சொன்ன பிறகுதான், 1986இல், கைது. எங்கள் ஜெனரலே அமெரிக்க உளவாளி என்று கேஜிபியிடம் ஒப்புக்கொள்ள ஜி.ஆர்.யூ.வுக்கு வாய் வந்திருக்காது என்பது என் ஊகம்.

மதுரை மாலதி:
1988 மார்ச்சில் சுட்டுக் கொன்றார்கள். மே மாதம் மாஸ்கோ வந்த அமெரிக்க அதிபர் ரீகன், அவரை விடுவிக்க முடியுமா என்று கேட்டாராம். ஆள் போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது! தங்கள் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாதவர்கள் கொடுக்கும் நற்சான்றிதழை வைத்துத்தானே அண்ணன் வாதாடுகிறார்?

நெல்லைக்காரன்:
அவர்கள் சான்றிதழ் வேண்டாம், கணக்கை மட்டும் பார். ஏம்ஸ் வாங்கியது 20 லட்சம் டாலருக்கு மேல். இருவரையும் ஒரே தட்டில் வைக்க என்னால் ஆகாது.